சித்திரை வெயிலில் அடைமழை காட்டுகிறது பாண்டாஸ்: பழைய எக்செல், ஓடிஎஸ், சிஎஸ்வி எல்லாவற்றையும் ஒரே அட்டவணை ஆக்குவது எப்படி?

வாய்க்கால்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்தப்பா தாமிரபரணிக் கால்வாய் ஒன்றில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகுச் சாவியை ஒப்படைத்த பிறகும் காலையில் எழுந்ததும் அணை மட்டம் என்ன என்று கேட்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மட்டமும், மேலே நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலையில் தொடங்கிக் கீழே ஸ்ரீவைகுண்டம் வரை பதினைந்து இடத்து மழை அளவும் 2006லிருந்து முடிந்தவரை நாள் விடாமல் குறித்து வைத்திருக்கிறார். பேப்பரில் வருவது, தெரிந்தவர்களிடம் போன் போட்டுக் கேட்பது, வீட்டு மாடியில் அவரே வைத்திருக்கிற மழைமானி, எல்லாம் கலந்தது. கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறந்தபோது எந்த வருடம் எத்தனை அடி இருந்தது, பிசானத்துக்கு மழை எத்தனை நாள் கைகொடுத்தது என்று கேட்டால் நோட்டைப் புரட்டாமலே சொல்வார். அதை பைத்தான் நிரல்மொழியில், அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பை வைத்து ஒரே அட்டவணையாக்கித் தருகிறேன் என்று நானாகப் போய் வாய்விட்டதுதான் வினை.

கோப்புகளின் கதை இது. 2012 வரை பழைய எக்ஸ்எல்எஸ், பஜாரில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டைப் செய்தது, ஊர்ப் பெயரெல்லாம் வானவில் எழுத்துருவில். 2013 முதல் 2019 வரை எக்ஸ்எல்எஸ்எக்ஸ், வருடத்துக்கு ஒரு கோப்பு, மாதத்துக்கு ஒரு ஷீட். 2020, 2021 தங்கச்சி லேப்டாப்பில் லிப்ரே ஆபிஸ், அதனால் ஓடிஎஸ். அதற்குப் பிறகு போனில் கூகுள் ஷீட், அதை சிஎஸ்வியாக இறக்கியிருக்கிறேன். இது போக, ஒரு அலுவலகத் தளத்திலிருந்து எடுத்த எக்ஸ்எல்எஸ் ஒன்று இருக்கிறது. எக்செலில் திறக்கிறது, பாண்டாஸோ கோப்பின் வகையையே கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது.

ஒவ்வொன்றாக ரீட்_எக்செல், ரீட்_சிஎஸ்வி கொண்டு வாசித்து, கான்கேட் போட்டு ஒட்டி, தேதியை டூ_டேட்டைம் கொண்டு மாற்றினேன். நம் ஊரில் நாள்தானே முதலில் வரும், அதனால் டேஃபர்ஸ்ட் கொடுத்தேன். பிழை வந்தால் விட்டுவிட்டுப் போகட்டும் என்று எர்ரர்ஸ் இடத்தில் கோயர்ஸ் கொடுத்தேன். மளமளவென்று ஓடியது. மாதவாரியாகக் கூட்டிப் பார்த்தால் ஊத்தில் மே 11ஆம் தேதி நூறு மி.மீ.க்கு மேல் மழை. நவம்பரோ பாதி வற்றிக் கிடக்கிறது. சித்தப்பா திரையை எட்டிப் பார்த்துவிட்டு "சித்திரையில நான் எங்கலே இந்த மழைய எழுதினேன்" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை.

பதினைந்து ஊர் இருக்க வேண்டிய அட்டவணையில் 41 நெடுவரிசை வேறு வந்து நிற்கிறது, ஒவ்வொன்றும் முக்கால்வாசி காலி. எல்லாம் சரியான பிறகு எந்த வடிவத்தில் சேமித்து வைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

அல்வாவுக்கு_அடிமை:

தம்பி, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். எந்தக் கோப்பாக இருந்தாலும் டிடைப் இடத்தில் எஸ்டிஆர் கொடுத்து எல்லாவற்றையும் எழுத்தாகவே வாசி. அப்புறம் எண் வேண்டிய இடத்தில் எண், தேதி வேண்டிய இடத்தில் தேதி என்று நீயே மாற்று. ஒட்டி முடித்ததும் டூ_பிக்கிள் போட்டு, பைத்தானின் சொந்தச் சேமிப்பு வடிவமான பிக்கிளில் வைத்துக்கொள், சோலி முடிந்தது. நான் கடைக் கணக்கு முழுக்க அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பிசானம்:

அடிமை அண்ணாச்சி சொன்னது சிஎஸ்விக்கு நூற்றுக்கு நூறு சரி. எக்செலுக்கு அது போதாது, ஏன் என்று சொல்கிறேன்.

வாய்க்கால்கரை தம்பி, முதலில் ஒரு காரியம் செய்து பாருங்கள். உங்கள் அட்டவணையில் 2012 வரைக்கும் உள்ள வரிகளில் ஐம்பது மி.மீ.க்கு மேல் பெய்த நாட்களை மட்டும் பிரித்தெடுத்து, அவை மாதத்தின் எந்தத் தேதியில் விழுகின்றன என்று எண்ணுங்கள். மழைக்குத் தேதி தெரியாது, 1 முதல் 31 வரை பரவலாகத்தான் இருக்க வேண்டும். 10, 11, 12 ஆகிய மூன்று தேதியில் மட்டும் கும்பலாகக் குவிந்திருந்தால் கதை புரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை மாதங்கள் அக்டோபர், நவம்பர், டிசம்பர், அதாவது 10, 11, 12. மாதம் நாளாகவும் நாள் மாதமாகவும் மாறி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் மே 11 மழை நவம்பர் 5இல் பெய்தது என்று இங்கே உட்கார்ந்தே சொல்வேன்.

இது பாண்டாஸ் செய்த தவறு இல்லை. டைப் செய்த அன்றைக்கே நடந்துவிட்டது. அந்த பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்திருக்கும், அங்கே மாதம்தான் முதலில். சித்தப்பா 05-11-2010 என்று அடித்ததும் எக்செல் அதை மே 11 என்று புரிந்துகொண்டு தேதியாகவே பதிந்துவிட்டது. 18-11-2010 என்று அடித்தபோது பதினெட்டாவது மாதம் கிடையாது, எனவே அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. ஆக ஒரே நெடுவரிசையில் இரண்டு இனம்: 1 முதல் 12 வரையிலான நாட்கள் தவறான தேதியாக, 13க்கு மேற்பட்டவை சரியான எழுத்தாக. நீங்கள் கொடுத்த டேஃபர்ஸ்ட் எழுத்தாக இருப்பதை மட்டும்தான் தொடும். ஏற்கெனவே தேதியாக இருப்பதை அது ஏன் தொடப்போகிறது? வருடத்துக்கு 144 நாள் இந்த வலையில் விழும், அதில் 5-5, 6-6 மாதிரி மாற்றினாலும் மாறாத 12 நாளைக் கழித்தால் 132. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

எல்லாவற்றையும் எழுத்தாக வாசித்தால் என்ன ஆகும் என்றால், அந்தத் தவறான தேதி '2010-05-11 00:00:00' என்று எழுத்தாக வரும், அவ்வளவுதான். பிழை அப்படியே இருக்கும், வேஷம் மட்டும் மாறும். எனவே எக்செல் கோப்புகளில் தேதி நெடுவரிசையை வந்தபடி வாசியுங்கள். ஒவ்வொரு செல்லாகப் போய் அது என்ன இனம் என்று கேளுங்கள். தேதியாக வந்தால் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுங்கள். எழுத்தாக வந்தால் நாள்-மாதம்-வருடம் என்று ஃபார்மேட்டை நீங்களே எழுதிக் கொடுத்து மாற்றுங்கள், ஊகிக்க விடாதீர்கள். மூன்றாவது இனம் ஒன்றும் இருக்கலாம், 45278 மாதிரி வெறும் எண். அது எக்செல் உள்ளுக்குள் நாட்களை எண்ணுகிற கணக்கு, 45278 என்றால் 2023 டிசம்பர் 18. அதை மாற்ற டூ_டேட்டைமில் யூனிட் நாள் என்றும் ஆரிஜின் 1899-12-30 என்றும் கொடுக்க வேண்டும். ஏன் இப்படி ஒரு விசித்திரமான தொடக்க நாள் என்றால், லோட்டஸ் 1-2-3 என்கிற பழைய மென்பொருள் 1900ஐ லீப் வருடம் என்று தவறாக எண்ணியது, எக்செல் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று அந்தத் தவறையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. நாற்பது வருடமாக உலகமே அந்த ஒரு நாளைக் கழித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் எல்லாக் கோப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றிவிடாதீர்கள். சில கோப்பு சரியான அமைப்புள்ள கம்ப்யூட்டரில் டைப் ஆகியிருக்கலாம், அதை மாற்றினால் நல்லது கெட்டுப்போகும். சோதிக்க எளிய வழி உண்டு. சித்தப்பா நாள் வாரியாகத்தானே எழுதியிருப்பார்? அப்படியானால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சரியாக ஒரு நாள் வித்தியாசம் இருக்க வேண்டும். டிஃப் போட்டுப் பாருங்கள். மாற்றாமல் ஒருமுறை, மாற்றி ஒருமுறை. எதில் ஒன்று ஒன்று என்று வரிசையாக வருகிறதோ அதுதான் சரி.

கோயர்ஸை முதலில் தூக்கிப் போடுங்கள். பிழையைச் சொல்ல வந்தவனின் வாயைப் பொத்துகிற வேலை அது. எத்தனை தேதி காலியாகப் போனது என்று நீங்கள் எண்ணவே இல்லை, சரிதானே?

இன்னும் இரண்டு. சித்தப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: மழை நெடுவரிசையில் கோடு போட்டிருந்தால் என்ன அர்த்தம், காலியாக விட்டிருந்தால் என்ன அர்த்தம்? மழை இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் ஒன்று இல்லை. பாண்டாஸ் கேட்காமலே எல்லாக் காலியையும் ஒரே நேன், அதாவது மதிப்பு இல்லை என்கிற குறி, ஆக்கிவிடும். பிறகு சராசரி போட்டால் நேனை விட்டுவிட்டுக் கணக்கிடும், மழையில்லாத நாட்களெல்லாம் கணக்கிலிருந்து நழுவி, சராசரி எகிறிவிடும். அப்புறம் அளவு எந்த நேரத்தது என்பது. நம் நாட்டில் மழையைக் காலை 8.30க்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுவார்கள், எனவே 18ஆம் தேதி என்று இருந்தால் பெரும்பாலும் 17ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்தது. சித்தப்பா மாடியில் எத்தனை மணிக்குப் பார்க்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஊரோடு ஒப்பிடும்போது ஒரு நாள் தள்ளி நிற்கும்.

கடனாநதி:

தேதியை அக்கா முடித்துவிட்டார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

திறக்க மாட்டேன் என்கிற கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். டேபிள், டிஆர், டிடி என்று கோண அடைப்புக்குள் கிடந்தால் அது எக்செலே இல்லை, வலைப்பக்க அட்டவணைக்கு எக்ஸ்எல்எஸ் என்று பெயர் சூட்டி அனுப்பியிருக்கிறார்கள். அலுவலகத் தளங்களில் இது சர்வ சாதாரணம். எக்செல் பெருந்தன்மையாக ஒரு எச்சரிக்கையோடு திறந்துவிடும், பாண்டாஸ் பெயரை நம்பாமல் உள்ளே பார்க்கும். ரீட்_ஹெச்டிஎம்எல் போடுங்கள், பக்கத்தில் உள்ள அட்டவணைகள் பட்டியலாக வரும், முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எழுத்து பி, கே என்று இருந்தால் அது உண்மையில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ். அந்த வடிவம் ஒரு ஜிப் பொட்டலம்தான், ஜிப்பை உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்து எல்லாப் பொட்டலத்தின் தலையிலும் இருக்கும். சந்தேகம் இருந்தால் கோப்பை நகல் எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் அடுக்கியிருக்கும்.

ஒவ்வொரு வடிவத்துக்கும் பாண்டாஸுக்குத் தனித்தனி ஆள் வேண்டும். எக்ஸ்எல்எஸ்எக்ஸுக்கு ஓப்பன்பைஎக்செல், பழைய எக்ஸ்எல்எஸுக்கு எக்ஸ்எல்ஆர்டி, ஓடிஎஸுக்கு ஓடிஎஃப்பை. இணையத்தில் பழைய பதில்களைப் பார்த்து எக்ஸ்எல்எஸ்எக்ஸை எக்ஸ்எல்ஆர்டியில் திறக்கப் பார்க்காதீர்கள், 2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்போடு அது பழைய எக்ஸ்எல்எஸ் மட்டும்தான் வாசிக்கும். மாதத்துக்கு ஒரு ஷீட் இருக்கிற கோப்புக்கு ஷீட்_நேம் இடத்தில் நன் (None) கொடுத்தால் பன்னிரண்டு ஷீட்டும் ஒரே அழைப்பில் அகராதியாக வந்துவிடும்.

இப்போது 41 நெடுவரிசை. இதில் மூன்று விதக் குழப்பம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வானவில் முதலாவது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு அது, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும், மேலே தமிழ் முகமூடி. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றதே 2010இல்தான், அதற்கு முன்பு டைப் ஆனதெல்லாம் இப்படித்தான் இருக்கும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் வானவில், பாமினி, டிஸ்கி மாதிரிப் பழைய முறைகளை யூனிகோடாக மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் ஊர்ப் பெயருள்ள தலைப்பு வரிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அட்டவணை முழுவதும் ஓடவிட்டால் நிஜமான ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கி வைத்துவிடும், நான் ஒருமுறை அப்படிச் செய்து ஒரு மாலை முழுக்கத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாதது. 'கொடுமுடியாறு' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'கொ'வுக்கான ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். பைத்தானில் நீளம் பார்க்க லென் போட்டால் ஒன்று 12 காட்டும், மற்றது 13. பாண்டாஸுக்கு இரண்டும் வேறு வேறு ஊர். யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸுக்கு என்எஃப்சி என்று கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியை ஸ்ட்ரிப் கொண்டு வெட்டுங்கள், அதுவே ஐந்தாறு நெடுவரிசையைக் குறைத்துவிடும்.

இனி எந்த நார்மலைஸும் காப்பாற்றாத ஒன்று. ஸ்ரீவைகுண்டத்தின் 'ஸ்ரீ'யை ஸகரத்திலும் தொடங்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த தாலவிய ஶகரத்திலும் தொடங்கலாம். பல எழுத்துருவில் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறு. சித்தப்பா சில வருடம் திருவைகுண்டம் என்றும் எழுதியிருப்பார். அம்பை, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, சேரன்மகாதேவி, மணிமுத்தாறு, மணிமுத்தாறு அணை. இதற்கெல்லாம் புத்திசாலித்தனமான வழி தேடாதீர்கள். இரண்டு நெடுவரிசையில் ஒரு சின்ன சிஎஸ்வி உங்கள் கையாலேயே எழுதுங்கள், இடப்பக்கம் கோப்பில் வந்த பெயர், வலப்பக்கம் சரியான பெயர். நாற்பது வரி, அரைமணி நேர வேலை. பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் நிரல் நின்றுவிட வேண்டும், அதை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

இதையெல்லாம் ஒட்டுவதற்கு முன்பே, கோப்புக் கோப்பாகச் செய்யுங்கள். அப்புறம் மெல்ட் போட்டு அகலமான அட்டவணையை நீளமாக்கிவிடுங்கள்: தேதி, இடம், அளவு என்று மூன்றே நெடுவரிசை. நான்காவதாக எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதையும் போட்டு வையுங்கள், பிறகு கோவில் கட்டிக் கும்பிடுவீர்கள். மாவட்டம் என்று ஒரு நெடுவரிசை சேர்க்க ஆசை வந்தால் யோசித்துச் சேருங்கள், 2019 நவம்பர் வரை தென்காசியும் நெல்லை மாவட்டம்தான், எங்கள் கடனா, ராமநதி எல்லாம் பழைய தாளில் நெல்லைக் கணக்கிலேயே இருக்கும்.

சேமிக்க எஸ்க்யூலைட் என்கிற சின்னத் தரவுத்தளம். பைத்தானோடே வருகிறது, ஒரே கோப்பு, கேள்வி கேட்கலாம்.

நாலுமுக்கு_டீ:

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினைந்து இடம், வருடத்துக்கு 365 நாள், பத்தொன்பது வருடம் என்று வைத்தாலும் ஒரு லட்சத்து நாலாயிரம் வரிதான். இதற்கு எதற்கு தரவுத்தளம்? சிஎஸ்வி போதும். நோட்பேடில் திறக்கும், இன்னும் முப்பது வருடம் கழித்தும் திறக்கும். ஒன்றே ஒன்று, யாராவது எக்செலில் இரட்டைக் கிளிக் செய்வார்கள் என்றால் என்கோடிங் இடத்தில் யூடிஎஃப்-8-சிக் கொடுத்து எழுதுங்கள். வெறும் யூடிஎஃப்-8 என்றால் பல கம்ப்யூட்டரில் எக்செல் தமிழைக் கொத்துப் புரோட்டா போட்டுவிடும். இன்டெக்ஸ் ஃபால்ஸ் மறந்தால் ஒவ்வொரு முறை எழுதி வாசிக்கும்போதும் அன்நேம்ட் என்று ஒரு அநாதை நெடுவரிசை கூடிக்கொண்டே போகும்.

பழைய எக்ஸ்எல்எஸில் மட்டும் திருப்பி எழுத நினைக்காதீர்கள். அதில் ஒரு ஷீட்டில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. 2020இல் இங்கிலாந்தில் கொரோனா பாதிப்புக் கணக்கில் 15,841 பேர் விடுபட்டுப் போனது இந்தப் பழைய வடிவத்தின் வரி வரம்பால்தான். புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576 வரி வரை போகலாம்.

பிசானம்:

டீ சொல்கிற சிஎஸ்வி திறக்கும், ஆனால் எதையும் நினைவில் வைக்காது. தேதி தேதி என்பதும், காலி காலி என்பதும் எழுதும்போதே தொலைந்துபோகும். வாசிக்கிற ஒவ்வொரு முறையும் இதே தேதிப் பஞ்சாயத்தைத் திருப்பி நடத்த வேண்டும். அதைவிட, யாராவது எக்செலில் திறந்து, ஒன்றும் செய்யாமல் சேமித்து மூடினாலே போதும், தேதி மாதிரித் தெரிகிறதெல்லாம் தேதியாகிவிடும். சர்வே எண் 12/3 என்று அடித்துப் பாருங்கள், நம் அமைப்பில் மார்ச் 12 ஆகும், அமெரிக்க அமைப்பில் டிசம்பர் 3 ஆகும். மரபணு ஆராய்ச்சிக்காரர்கள் இந்தத் தொல்லை தாங்காமல் 2020இல் மார்ச், செப்டம்பர் மாதிரி ஒலித்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள், எக்செலை மாற்ற முடியாமல்.

எஸ்க்யூலைட் நல்லதுதான், ஆனால் அதில் தேதி என்று தனி வகை கிடையாது. எழுத்தாகத்தான் போய் உட்காரும், திரும்ப எடுக்கும்போது பார்ஸ்_டேட்ஸ் சொல்ல மறந்தால் எழுத்தாகவே வரும். சித்தப்பா தினமும் புது வரி சேர்க்கப்போகிறார், அதற்கு ஒரு திரை செய்யப்போகிறீர்கள் என்றால் எஸ்க்யூலைட் எடுங்கள். வாசித்துக் கணக்குப் போடத்தான் என்றால் என் ஓட்டு பார்க்கேவுக்கு.

பார்க்கே 2013இல் ட்விட்டரும் கிளவுடெராவும் சேர்ந்து வெளியிட்டது. தகவலை வரி வரியாக இல்லாமல் நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்குகிறது. ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்பது கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும், தேதி தேதியாகவே திரும்பி வரும், காலி காலியாகவே வரும். பைஆரோ என்ற பைத்தான் தொகுப்பை நிறுவினால் போதும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதன் முரண்டு: ஒரே நெடுவரிசையில் எண்ணும் எழுத்தும் கலந்து கிடந்தால் எழுதவே மாட்டேன் என்று நின்றுவிடும். சிஎஸ்வி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஒரு நெல் மூட்டையில் உமி கலந்திருக்கிறதா என்று கேட்காமல் எடை போடுகிற கடையும் உண்டு, கம்பி குத்திப் பார்க்கிற கடையும் உண்டு.

அடிமை அண்ணாச்சி, பிக்கிள் உங்கள் கடைக்குள் இருக்கும்வரை சரி. வெளியாள் யாராவது பிக்கிள் கோப்பு அனுப்பினால் திறந்துவிடாதீர்கள், திறக்கும்போதே அதற்குள் ஒளித்துவைத்த நிரலும் ஓடும். பைத்தான் ஆவணத்திலேயே சிவப்புப் பெட்டியில் எச்சரிக்கை இருக்கிறது.

அல்வாவுக்கு_அடிமை:

வெளியாள் கோப்பை நான் எங்கே திறக்கப்போகிறேன் அக்கா, உள்ளூர்க் கணக்கே தலைக்கு மேல் இருக்கிறது. சரி, தோற்றேன்.

வாய்க்கால்கரை:

இரண்டு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் பெரிய நன்றி.

அக்கா சொன்ன எண்ணிக்கையைத்தான் முதலில் போட்டேன். 10, 11, 12 மூன்று தேதியில் மட்டும் கோபுரம் மாதிரி நிற்கிறது, பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. டிஃப் சோதனையில் 2009 முதல் 2012 வரை நான்கு கோப்பு மட்டும் மாறியிருக்கிறது, அதற்கு முந்தைய மூன்றும் சரியாக இருக்கின்றன. சித்தப்பாவிடம் கேட்டால், பழைய சென்டரை மூடிவிட்டார்கள், அதற்குப் பிறகு எதிர்த்த கடைக்கு மாறினேன் என்றார். பாருங்கள், கடை மாறிய வருடம் அட்டவணையில் தெரிகிறது. அதே சோதனையில் இன்னொன்றும் அகப்பட்டது: 2015 பிப்ரவரி ஷீட்டில் முதல் பத்து நாளுக்கு ஜனவரித் தேதி, நகல் எடுத்து ஒட்டியவர் மாற்ற மறந்திருக்கிறார்.

அலுவலகக் கோப்பு ஹெச்டிஎம்எல்தான். பெயர்ப் பட்டியல் 43 வரியில் முடிந்தது, 'ஶ்ரீ' விஷயம் மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் சத்தியமாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கோடு என்றால் மழை இல்லை, காலி என்றால் ஊரில் இல்லை அல்லது போன் எடுக்கவில்லை என்று சித்தப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். 2011இல் மட்டும் மழை இல்லாததற்கு நில் என்று எழுதியிருக்கிறார், பார்க்கே அங்கேதான் முரண்டு பிடித்தது. அணை மட்டத்துக்கும் ஒரு சோதனை வைத்தேன், பாபநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 அடி, அதற்கு மேல் போனால் நிற்க வேண்டும் என்று. ஒன்பது இடத்தில் நின்றது. ஏழு, புள்ளி விட்டுப்போனது. மீதி இரண்டு நாளில் சேர்வலாற்று மட்டத்தைப் பாபநாசத்தில் எழுதியிருக்கிறார்.

ஒன்று மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் உங்களுக்குத் தெரியும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே, அந்த நாள். எங்கள் மாடி மழைமானி 18ஆம் தேதி காலை நிரம்பி வழிந்துகொண்டிருந்ததாம், அதற்குப் பிறகு மூன்று நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை, யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. காலியாக விட்டால் தெரியவில்லை என்று ஆகிவிடும், மானியின் முழு அளவைப் போட்டால் அவ்வளவுதான் பெய்தது என்று ஆகிவிடும். இரண்டும் பொய்.

கடனாநதி:

அளவைக் காலியாகவே விடுங்கள். பக்கத்தில் குறிப்பு என்று எழுத்து வகையில் ஒரு நெடுவரிசை சேருங்கள், அதில் 'மானி வழிந்தது, இதற்கு மேல்' என்று எழுதி முழு அளவையும் குறியுங்கள். கூட்டல் சராசரி போடும்போது அது குறுக்கே வராது, தேடுகிறவனுக்கு அகப்படும். அந்த மாதத்தின் மொத்தத்தைக் காட்டும்போது மட்டும் குறைந்தபட்சம் என்று போடுங்கள்.

வாய்க்கால்கரை:

செய்துவிட்டேன். சித்தப்பாவையே அந்தக் குறிப்பைச் சொல்லச் சொன்னேன், "மானி வழிஞ்சிட்டு, வாசல்ல தண்ணி, அளக்கப் போகல" என்றார். அப்படியே போட்டிருக்கிறேன். இப்போது எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துப் பைண்டு போட்டுத் தரச் சொல்கிறார், அதற்கு எக்செலில் ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் வருகிற மாதிரி எழுதுவது எப்படி என்று தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.